கூட்டாக வாங்கிய லாட்டரிச் சீட்டில் பரிசு விழுந்தால், யார் பெயரில் வரிக்கணக்கு காட்டுவது?

"ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு ஐந்து பேராக பம்பர் சீட்டு வாங்கினோம். அஞ்சு லட்சம் விழுந்திருக்கிறது. சீட்டின் பின்னால் என் பெயர்தான் எழுதியிருக்கிறது. ரிட்டர்னில் நான் முழுத்தொகையையும் காட்ட வேண்டுமா, ஐந்தில் ஒரு பங்கை மட்டும் காட்டினால் போதுமா?"

வாளையார், குமுளி, செங்கோட்டை, களியக்காவிளை என்று கேரள எல்லையை ஒட்டி இருப்பவர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரி விற்பனைக்குத் தடை. எல்லை தாண்டிப் போய் கேரளாவில் வாங்கி வருபவர்கள் அதிகம். தனியாக 500 ரூபாய் போட மனம் வராதவர்கள் பட்டறையிலோ கடையிலோ கூட வேலை பார்ப்பவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பரிசு விழாத வரை எந்தச் சிக்கலும் இல்லை. விழுந்தால் சட்டம் முதலில் கேட்பது, இது யாருடைய வருமானம் என்பதைத்தான்.

அதற்கு முன்னால் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துவிடலாம். "பங்கு போட்டுக் காட்டினால் ஒவ்வொருவர் வருமானமும் வரம்புக்குள் வந்துவிடும், வரியே வராது" என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. வருமான வரிச் சட்டம் 1961-இன் பிரிவு 115பிபி லாட்டரிப் பரிசுக்கு நேராக 30 சதவீதம் வரி போடுகிறது. வேறு வருமானமே இல்லாத இல்லத்தரசிக்கு ஒரு லட்சம் விழுந்தாலும் 30,000 ரூபாய் வரியும், அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. அடிப்படை விலக்கு வரம்பு, 80சி போன்ற கழிவுகள் எதுவும் இங்கே உதவாது. இதற்கு முன் வாங்கி வீணான சீட்டுகளின் விலையைச் செலவாகவும் கழிக்க முடியாது. ஆகவே பங்கு பிரிப்பதால் அந்த 30 சதவீதம் குறையாது. குறையக்கூடியவை வேறு சில, அவற்றைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

(கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கும் புதிய வரி முறைக்கும் உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய பரிசுகளுக்குப் பிரிவு எண்கள் மாறும்.)

## எதை வைத்து முடிவெடுப்பது?

முதலாவது, ஆதாரம். சீட்டு கூட்டாகத்தான் வாங்கப்பட்டது என்று குலுக்கலுக்கு முந்தைய தேதியில் காட்ட ஏதாவது இருக்கிறதா?

இரண்டாவது, டிடிஎஸ், அதாவது பரிசைக் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி, யாருடைய பான் எண்ணில் விழுகிறது என்பது. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசில் லாட்டரித் துறையே 30 சதவீதம் பிடித்துக்கொள்கிறது. எந்தப் பான் எண்ணில் பிடித்தார்களோ, அந்த ஆளைப் பற்றி வருமானவரித் துறை வைத்திருக்கும் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற கணக்கு அறிக்கைகளில் அந்த வருமானம் தெரியும். வருமானவரித் துறையின் கணினி அவரைத்தான் கேட்கும்.

மூன்றாவது, சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மேல் 10 சதவீதம், 1 கோடியைத் தாண்டினால் 15, 2 கோடியைத் தாண்டினால் 25. பழைய முறையில் இருப்பவர்களுக்கு 5 கோடிக்கு மேல் 37 சதவீதம் வரை போகும்.

நான்காவது, பங்கு வாங்குகிறவர் கையில் அதே பணத்துக்கு இன்னொரு முறை வரி விழுமா? இந்த ஒன்றை யாரும் யோசிப்பதே இல்லை. நிறையப் பேர் மாட்டிக்கொள்வதும் இதில்தான்.

கடைசியாக அலைச்சல். சின்னத் தொகைக்குப் பெரிய காகித வேலை தேவையா என்ற கேள்வியும் நியாயமானதே.

## வழி 1: ஆரம்பத்திலேயே எல்லார் பெயரிலும் கோருவது

பரிசைக் கோரும்போதே கூட்டாளிகள் அனைவரும் சேர்ந்து விண்ணப்பிப்பது இந்த வழி. கூட்டு அறிவிப்பு ஒன்றில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொருவரும் பான் நகலும் அடையாள அட்டையும் கொடுத்து, பங்கு எவ்வளவு என்பதையும் எழுதிக் கொடுக்கிறார்கள். டிடிஎஸ் அவரவர் பான் எண்ணில் பிரிந்து பதிவாக வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டு வாங்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தன் பங்கைத் தன் ரிட்டர்னில் காட்டிக்கொள்ளலாம்.

2023-இல் மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடியில் ஹரித கர்ம சேனையின் துப்புரவுப் பணிப் பெண்கள் 11 பேர் 250 ரூபாய் மழைக்கால பம்பர் சீட்டைச் சேர்ந்து வாங்கினார்கள். 10 கோடி விழுந்தது. ஒன்பது பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட, மீதி 25 ரூபாயை இருவர் பாதி பாதியாகப் போட்டார்கள். கணக்கு எளிதாக விளங்க, இந்த 10 கோடியை 11 பேரும் சமமாகப் பிரிப்பதாகவும், அவர்களுக்கு வேறு பெரிய வருமானம் இல்லை என்றும் வைத்து 2025-26 விகிதத்தில் போட்டுப் பார்க்கிறேன். கேரள லாட்டரியில் ஏஜெண்ட் கமிஷன் 10 சதவீதம் பரிசிலிருந்தே போய்விடும். மிச்சம் 9 கோடி.

| | ஒருவர் பெயரில் 9 கோடி | 11 பேர் பெயரில், ஆளுக்கு சுமார் 81.8 லட்சம் |
|---|---|---|
| வரி (30%) | 2.70 கோடி | 2.70 கோடி |
| சர்சார்ஜ் | 25%: 67.5 லட்சம் | 10%: 27 லட்சம் |
| செஸ் (4%) | 13.5 லட்சம் | 11.88 லட்சம் |
| மொத்தம் | 3.51 கோடி | 3.0888 கோடி |

வித்தியாசம் 42.12 லட்சம். இது வரி ஏய்ப்பில் சேராது. பணம் உண்மையிலேயே பதினொருவருடையது, அதை உள்ளபடி காட்டியதால் மிஞ்சியது இது.

ஆனால் தொகை இன்னும் பெரிதானால் இந்த லாபம் மறைந்துவிடும். அதே 2023-இல் ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி, வாளையாரில் வாங்கிய சீட்டுக்கு, தமிழ்நாட்டைச் சேர்ந்த 4 பேருக்குப் போனது. கமிஷன் போக 22.5 கோடியை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 5.625 கோடி. ஒருவர் பெயரில் இருந்தாலும் நால்வர் பெயரில் இருந்தாலும் புதிய முறையில் சர்சார்ஜ் அதே 25 சதவீதம்தான். அங்கே பிரித்துக் காட்டுவதற்கு வேறு காரணங்கள் உண்டு, வரி மிச்சம் அதில் ஒன்றல்ல.

இந்தச் சம்பவத்தில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. அந்தச் சீட்டு தமிழ்நாட்டில் சட்டவிரோதமாக விற்கப்பட்டது என்று ஒரு புகார் எழுந்து, பரிசு வாங்கியவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எங்கே வாங்கினோம், யார் வாங்கினார்கள், யார் பணம் போட்டார்கள் என்பதைக் கோர்வையாகச் சொல்ல முடிந்தால் பாதித் தலைவலி குறையும்.

மறைமுகச் செலவு என்ன? டிடிஎஸ்ஸில் 30 சதவீதம் மட்டுமே பிடிக்கிறார்கள், சர்சார்ஜும் செஸ்ஸும் அதில் வராது. மேலே உள்ள கணக்கில் ஒவ்வொரு பெண்ணும் இன்னும் சுமார் 3.53 லட்சம் தானே கட்ட வேண்டும். கைக்கு வந்தது முழுவதும் நம்முடையது என்று வீட்டுக் கடனை அடைத்துவிட்டு, ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது திகைத்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். பரிசு விழுந்த பிறகு வரும் அடுத்த முன்வரித் தவணையில் (ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி), தவணை ஏதும் மிச்சமில்லை என்றால் மார்ச் 31-க்குள், இந்தப் பாக்கியைக் கட்டிவிட்டால் தவணை தவறியதற்கான வட்டி வராது. கட்டாமல் விட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும்.

கூட்டாளிகளில் ஒருவரிடம் பான் இல்லை என்றால் மொத்த விண்ணப்பமும் தாமதமாகும். சீட்டை ஒப்படைக்க 30 நாள்தான் அவகாசம் என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

## வழி 2: ஒருவர் வாங்கிவிட்டார், ஆனால் அவரவர் பங்கை அவரவர் காட்டுவது

பெரும்பாலும் நடப்பது இதுதான். சீட்டின் பின்னால் ஒருவர் பெயர், அவர் வங்கிக் கணக்கில் பணம், அவர் பான் எண்ணில் டிடிஎஸ். பிறகுதான் மற்றவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. வருமான வரி விதி 37பிஏ, உட்பிரிவு 2. பிடித்த வரிக்குரிய வருமானம் வேறொருவருடையது என்றால், பணம் வாங்கியவர் வரி பிடித்தவரிடம் ஓர் அறிவிப்பு கொடுக்கலாம். அதில் அந்த மற்றவரின் பெயர், முகவரி, பான், தொகை, காரணம் இவை இருக்க வேண்டும். அதன்படி லாட்டரித் துறை தன் டிடிஎஸ் அறிக்கையில் அந்த மற்றவர் பெயரில் பதிவு செய்ய வேண்டும், சான்றிதழும் அவர் பெயரில் தர வேண்டும்.

படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. டிடிஎஸ் அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறது. அதற்கு முன்னால் அறிவிப்பு போய்ச் சேர்ந்தால் வேலை நடக்க வாய்ப்புண்டு. போன பிறகு என்றால் திருத்த அறிக்கை கேட்டு அலைய வேண்டும், ஒரு அரசு அலுவலகம் அதை உடனே செய்யும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

அறிவிப்பு எடுபடாவிட்டாலும் ரிட்டர்னில் ஒரு வசதி இருக்கிறது. லாட்டரிப் பரிசு இருந்தால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போட முடியாது, வியாபார வருமானம் இல்லாதவர்களுக்கு ஐடிஆர்-2. அதன் டிடிஎஸ் அட்டவணையில், இந்த வரிக்கழிவு எனக்கா அல்லது 37பிஏ-படி வேறொருவருக்கா என்று கேட்டு, அவர் பான் எண்ணையும் கேட்கிறார்கள். பணம் வாங்கியவர் தன் பங்குக்கு உரிய வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மற்றவர்களுக்கு ஒதுக்கிக் காட்டலாம். மற்றவர்கள் அவருடைய பான் எண்ணைக் குறிப்பிட்டு தங்கள் பங்கைக் கோரலாம். இரண்டு பக்க எண்களும் ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும். ஐந்து பேரில் நான்கு பேர் ஒரு ஆடிட்டரிடமும் ஐந்தாமவர் வேறு ஒருவரிடமும் போட்டால் ஏதாவது ஒன்று இடிக்கும்.

பொருந்தாவிட்டால் நோட்டீஸ் வரும். 26ஏஎஸ்ஸில் 4.5 லட்சம் இருக்கிறது, நீங்கள் 90,000 காட்டியிருக்கிறீர்களே என்று கேட்பார்கள். அப்போது பதிலாக நிற்பது ஆதாரம்தான். குலுக்கலுக்கு முன்னால் ஜிபே-யில் ஆளுக்கு நூறு ரூபாய் வந்த பதிவு, சீட்டின் இரண்டு பக்கமும் எடுத்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்ட தேதி, ஐந்து பெயரும் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு துண்டுத் தாள், இவற்றுக்கு மதிப்பு உண்டு. பரிசு விழுந்த பிறகு எழுதிய ஒப்பந்தத்துக்கு அந்த மதிப்பு இல்லை. அதிகாரி அதை வரிக்காகத் தயாரித்த காகிதமாகத்தான் பார்ப்பார்.

ஆதாரம் வலுவாக இருந்து தொகையும் கணிசமாக இருந்தால் இந்த வழி தகும். ஆதாரம் வாய்வார்த்தை மட்டும் என்றால் இதில் இறங்க வேண்டாம் என்பேன்.

## வழி 3: ஒருவரே முழுவதையும் காட்டி, வரி போக மீதியைப் பங்கிடுவது

எளிய வழி இதுதான் என்று தோன்றும். ஒரே ரிட்டர்ன், ஒரே டிடிஎஸ், அலைச்சல் இல்லை. 5 லட்சம் பரிசில் கமிஷன் போக 4.5 லட்சம். வரி 1,35,000, செஸ் 5,400. மிச்சம் 3,09,600 ரூபாயை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 61,920.

சிக்கல் அந்த 61,920-இல் இருக்கிறது. முழுப் பரிசும் என் வருமானம் என்று ரிட்டர்னில் எழுதிக் கொடுத்துவிட்டோம். அப்படியானால் நண்பருக்குக் கொடுத்தது என்ன? நம் பணத்தை அன்பளிப்பாகக் கொடுத்தது என்றுதான் ஆகும். பிரிவு 56(2)(எக்ஸ்) சொல்வது: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் வாங்கிய பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத்தொகையும் வாங்கியவரின் வருமானம். ஏற்கெனவே வரி கட்டிய பணத்துக்கு அவர் தன் விகிதத்தில் மறுபடியும் கட்ட வேண்டும். ஏழு பேர் பங்கு போட்டிருந்தால் ஆளுக்கு சுமார் 44,230 வந்திருக்கும், அந்த ஆண்டில் வேறு அன்பளிப்பு இல்லாத வரை இந்தத் தொல்லையும் வந்திருக்காது.

சரி, குடும்பத்துக்குள் என்றால்? கணவன் மனைவி, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெற்றோர், பிள்ளைகள் எல்லாம் சட்டம் சொல்லும் உறவினர்கள். எத்தனை லட்சம் கொடுத்தாலும் வாங்குகிறவருக்கு வரி இல்லை. ஆனால் நம் ஊர் உறவுக் கணக்கும் சட்டத்தின் கணக்கும் ஒன்றல்ல. பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்போம், சட்டம் அப்படிச் சொல்லாது. அதைவிட வியப்பு: சித்தப்பா தன் அண்ணன் மகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை, அதே அண்ணன் மகன் சித்தப்பாவுக்குக் கொடுத்தால் வரி உண்டு. வாங்குகிறவருடைய பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், வாங்குகிறவருடைய உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் பட்டியலில் இல்லை. மாமா, மருமகன் கூட்டாக வாங்கிய சீட்டில் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறிவிடும்.

மனைவிக்குக் கொடுத்த பங்குக்கு வேறொரு வால் உண்டு. கொடுப்பதற்கு வரி இல்லை, ஆனால் அவர் அதை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டால் அந்த வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும். அவர் உண்மையிலேயே தன் பணத்தைப் போட்டுச் சீட்டில் பங்காளியாக இருந்திருந்தால் இது பொருந்தாது. அதனால் தம்பதியரும் வழி 1-ஐ யோசிப்பது நல்லது.

சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டிய செலவு ஒன்று இருக்கிறது, இது கண்ணில் படுவதே இல்லை. புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ தள்ளுபடியால் சம்பளத்துக்கு வரி இல்லை. நிலையான கழிவுக்குப் பின் 10.80 லட்சம் வருமானம் உள்ள ஒருவர் 4.5 லட்சம் பரிசை முழுவதும் தன் பெயரில் காட்டினால் மொத்தம் 15.30 லட்சம். தள்ளுபடி போய்விட்டது. சம்பளத்துக்கே 48,000 ரூபாய் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 49,920 கட்ட வேண்டும். தன் பங்கான 90,000-ஐ மட்டும் காட்டியிருந்தால் மொத்தம் 11.70 லட்சம், சம்பளத்துக்கு வரி இல்லை, பரிசுக்கு மட்டும் 30 சதவீதம். நண்பர்களுக்காக முன்னால் நின்றவர் தன் கையிலிருந்து ஐம்பதாயிரம் இழக்கிறார். யாரும் அதைப் பங்கிட்டுக்கொள்ள முன்வருவதில்லை, ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பெரிய தொகையைப் பணமாகப் பிரிப்பதும் வேண்டாம். ஒரே ஆளிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவர்மீது அதே தொகைக்கு அபராதம் விழலாம். வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

இந்த வழி சரியாக வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, பட்டியலில் உள்ள உறவினர்களுக்குள் மட்டும் பங்கு, முன்னால் நிற்பவருக்குத் தள்ளுபடியோ சர்சார்ஜோ பாதிக்காத நிலை. மற்றொன்று, ஆளுக்கு வரும் தொகை 50,000-க்குள் அடங்கும் சின்னப் பரிசு.

## வழி 4: குழுவாகவே ஒரு பான் வாங்கி ரிட்டர்ன் போடுவது

ஆட்கள் கூட்டமைப்பு என்று சட்டம் சொல்லும் வடிவம். குழுவே வரி கட்டும், உறுப்பினர்கள் தங்கள் பங்குக்கு மறுபடியும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் சர்சார்ஜ் மொத்தத் தொகையின் மேல் வரும், அதாவது பரப்பனங்காடிக் கணக்கில் இடதுபக்க நெடுவரிசை. ஒரே ஒரு சீட்டுக்காக இதைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் மாதாமாதம் பணம் வசூலித்து, பொதுக் கணக்கு வைத்து, பெயர் வைத்த குழுவாகச் சீட்டு வாங்குகிறவர்களை அதிகாரி இப்படித்தான் பார்க்க வாய்ப்பிருக்கிறது. அப்படிப்பட்ட குழுக்கள் பரிசு விழும் முன்பே ஒரு ஆடிட்டரிடம் பேசிவிட வேண்டும்.

## யாருக்கு எது?

பரிசு இன்னும் கோரப்படவில்லை, சீட்டு கையில் இருக்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம், வழி 1. பின்பக்கத்தில் இன்னும் பெயர் எழுதவில்லை என்றால் எழுதும் முன்பே எல்லாரையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஒருவர் பெயரில் பணம் வந்துவிட்டது, நண்பர்கள் பங்காளிகள், ஆளுக்கு 50,000-க்கு மேல் வருகிறது, தேதியோடு ஆதாரம் இருக்கிறது என்றால் வழி 2. அந்தக் காலாண்டு முடிவதற்குள் அறிவிப்பை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். ஐந்து ரிட்டர்னையும் ஒரே ஆளிடம் போடுங்கள். பங்குத் தொகையை வங்கி வழியாக அனுப்பும்போது, எந்தச் சீட்டு எண்ணுக்கான எந்தப் பங்கு என்று குறிப்பில் எழுதிவிடுங்கள்.

ஆதாரம் எதுவுமே இல்லை என்றால் வழி 3-தான் மிச்சம். அப்போது முன்னால் நிற்பவருக்கு ஏறும் வரியைக் கணக்குப் போட்டுப் பார்த்து, அதைக் கழித்த பிறகே பங்கு பிரியுங்கள். நண்பர்களுக்கு வரும் தொகை 50,000-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்து, தாண்டினால் அவர்கள் தங்கள் ரிட்டர்னில் அதைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பணம் கொடுத்த அன்றைக்குச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், ஒன்றரை வருடம் கழித்து நோட்டீஸோடு வந்து நிற்கும்போது சொன்னால் நட்பு தாங்காது.

அடுத்த ஓணம் பம்பருக்குச் சேர்ந்து பணம் போடுகிறவர்களுக்கு ஒரு வேலை மட்டும் இருக்கிறது. சீட்டை வாங்கியதும் இரண்டு பக்கமும் படமெடுத்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்பதோடு குழுவில் போட்டுவிடுங்கள். பணத்தை ரொக்கமாக வாங்காமல் போனிலேயே அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது.